501-வது யூனிட்டின் விலை என்ன?

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு மே மாத மாலை. பெரம்பூரில் பெரியம்மா ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் பெட்டியின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, எண்ணைப் படித்தார். வெள்ளை அட்டையில் இருந்த போன ரீடிங்கை மனத்துக்குள்ளேயே கழித்தார். "நானூத்தி எண்பத்தாறு ஆயிடுச்சுடா. ரீடிங் எடுக்க இன்னும் மூணு நாள் இருக்கு. இனிமே ஏசி கிடையாது" என்று அறிவித்துவிட்டு இறங்கினார். அன்றிரவு மொத்தக் குடும்பமும் மொட்டை மாடியில், கொசுவர்த்திப் புகையில் படுத்தது.

பெரியம்மா பொருளாதாரம் படித்தவரில்லை. ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்த விலை எப்படித் தூண்டுகிறது, எங்கே தூண்டாமல் விடுகிறது என்ற பாடத்தின் முக்கால்வாசி அந்த ஸ்டூல் மேலேயே இருக்கிறது.

முதலில் கட்டணம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. 2016-இல் ஜெயலலிதா அறிவித்ததிலிருந்து எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும் விலை. இந்தப் படியைத்தான் எல்லோரும் 'ஸ்லாப்' என்கிறோம். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் அது 4.83 சதவீதம் ஏறியது. ஆனால் 2022-இன் எண்களில் சில்லறை குறைவு, கணக்குப் போட வசதி.

அந்த அட்டவணைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 501 முதல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11. இதுவரை சாதாரணப் படிக்கட்டுதான். ஒரு விஷயம் மட்டும் கவனிக்காமல் போய்விடும். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான அந்த 2.25 சலுகை பறிபோய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 கட்ட வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஒரு யூனிட் என்றால் ஓர் ஏசி சுமார் ஒரு மணி நேரம் ஓடுவது. 2022-க்கு முன்பு இது இன்னும் கொடூரம். அப்போது 500 யூனிட்டுக்கு நிலைக் கட்டணத்தோடு சேர்த்து 1,130 ரூபாய், 501-க்கு 1,786 ரூபாய் சொச்சம். ஒரே யூனிட்டுக்கு ஏறக்குறைய 656 ரூபாய். '500 தாண்டிடக் கூடாது' என்ற பயம் சென்னை வீடுகளில் ஊறிப்போனது அந்தக் காலத்தில்தான். படிக்கட்டு என்று சொன்னேன், உண்மையில் இந்த இடம் படி இல்லை, சுவர்.

பெரியம்மா 486-இல் ஏசியை அணைத்தது அந்தச் சுவரைப் பார்த்துத்தான். மூன்று நாளில் ஏசி இல்லாமல் பத்துப் பன்னிரண்டு யூனிட், ஏசியோடு முப்பது யூனிட். 516-இல் முடிந்திருந்தால் பில் 2,078 ரூபாய். 498-இல் முடித்தால் 1,713. பதினெட்டு யூனிட்டுக்கு 365 ரூபாய். மூன்று இரவு மொட்டை மாடியில் படுப்பதற்கு இது நல்ல கூலி.

இந்த இடத்தில்தான் பாடத்தின் மையக் கருத்து வருகிறது. ஒரு வீட்டின் மின்சார விலை என்ன என்று கேட்டால் நாம் பில் தொகையை யூனிட்டால் வகுத்துச் சொல்வோம். அது சராசரி விலை. ஆனால் சுவிட்சைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது, இன்னும் ஒரு யூனிட் ஓடினால் எவ்வளவு கூடும், ஒரு யூனிட் குறைந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை. பிளஸ் டூ பொருளாதாரப் புத்தகத்தில் 'இறுதிநிலை' என்ற சொல் வருமே, அதேதான். இரண்டும் ஒன்றில்லை. 600 யூனிட் ஓடும் வீட்டின் பில் 2,750 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 4 ரூபாய் 58 காசு. ஆனால் அந்த வீட்டின் கடைசி யூனிட் 8 ரூபாய்.

இந்த வேறுபாடு வெறும் புத்தகக் கணக்கு இல்லை. ஏசி இல்லாமல் 240 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பில் 405 ரூபாய். கோடையில் இரவுக்கு ஆறு மணி நேரம் ஏசி, மணிக்கு ஒரு யூனிட் என்றால், அறுபது நாளில் 360 யூனிட் கூடி மொத்தம் 600. பில் 2,750. ஆக, ஏசியின் செலவு 2,345 ரூபாய். வீட்டில் கேட்டுப் பாருங்கள், 'யூனிட் நாலரை ரூபாய்தானே, 360-க்கு 1,650 ஆகும்' என்பார்கள். எழுநூறு ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இப்படித் தப்பாக நினைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. கோய்ச்சிரோ இட்டோ என்ற பொருளாதார ஆய்வாளர் கலிபோர்னியாவில் இரண்டு மின் நிறுவனங்களின் எல்லை ஒரே ஊருக்குள் ஓடும் பகுதியை எடுத்து ஆராய்ந்தார். தெருவின் இந்தப் பக்கம் ஒரு ஸ்லாப் விலை, அந்தப் பக்கம் வேறு. மக்கள் கடைசி யூனிட்டின் விலைக்கு ஏற்ப நடந்துகொள்ளவில்லை, சராசரி விலையைப் பார்த்துத்தான் நடந்தார்கள் என்று 2014-இல் வெளியான அவருடைய கட்டுரை காட்டியது. இன்னொன்றும் தெரிந்தது. விலை பத்து சதவீதம் ஏறினால் பயன்பாடு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இதைத்தான் தேவையின் நெகிழ்ச்சி குறைவு என்பார்கள். ஃபிரிட்ஜை அணைக்க முடியுமா, இட்லி மாவு அரைக்காமல் இருக்க முடியுமா? விலை ஏறிய அன்றே குறைக்கக்கூடியது கொஞ்சம்தான். ஃபேன் மாற்றும்போது, ஏசி வாங்கும்போதுதான் உண்மையான குறைப்பு நடக்கிறது.

அப்படியானால் பெரியம்மா எப்படிச் சரியாகக் கணக்குப் போட்டார்? 500 என்ற சுவர் அவ்வளவு உயரம், அதனால் கண்ணில் பட்டது. 400-ஐத் தாண்டும்போது 4.50 ஆறு ரூபாயாவது அவர் கண்ணில் படவே இல்லை.

சரி, ஃபேனுக்கு வருவோம். பொருளாதாரத்தின் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். புது ஃபேனுக்குக் கூடுதலாக 1,500 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 யூனிட் ஓடும் அண்ணா நகர் வீட்டில் அந்த 40 யூனிட்டின் மதிப்பு 360 ரூபாய். ஒரு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். 180 யூனிட் ஓடும் வீட்டில் அதே ஃபேன் 90 ரூபாய்தான் மிச்சம் பிடிக்கும். காசு திரும்ப மூன்று வருடம் ஆகும். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் 90 யூனிட்டுக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு மிச்சம் பூஜ்யம். எத்தனை வருடம் ஆனாலும் திரும்பாது.

மின்சாரத்தைத் தயாரித்து, கம்பி வழியாகக் கொண்டுவரும் செலவு மூன்று வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று வீட்டிலும் 40 யூனிட் குறைந்தால் மிச்சமாகும் நிலக்கரியும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு மட்டும்தான் மிச்சம் பிடிக்க வலுவான காரணம் இருக்கிறது. இலவச யூனிட்டைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஏழை வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பது சரியான முடிவு. ஆனால் அந்த வீட்டில் குறையும் ஒவ்வொரு யூனிட்டும் யாருக்கு லாபம் என்று பாருங்கள். மானியம் கொடுக்கும் அரசுக்குத்தான். அப்படியானால் அந்த ஃபேனுக்குக் காசு போட வேண்டியதும் அரசுதானே?

எல்இடி பல்பில் இந்தக் கணக்கு ஒருமுறை வேலை செய்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் ஒன்றிய அரசின் நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக ஏலம் கேட்டு வாங்கியது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. யூனிட் விலையை ஒரு காசுகூட ஏற்றாமல், பொருளின் விலையை இறக்கியே மிச்சப்படுத்த வைத்தார்கள். விலைத் தூண்டுதல் என்றாலே கட்டணத்தை ஏற்றுவது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இன்னொரு யோசனை அடிக்கடி வரும். தண்டனை எதற்கு, போன வருடத்தைவிடக் குறைத்தவர்களுக்குப் பரிசு கொடுக்கலாமே? கேட்க இனிமையாக இருக்கிறது. கலிபோர்னியாவில் 2005 கோடையில் செய்தே பார்த்தார்கள். முந்தைய வருடக் கோடையைவிட 20 சதவீதம் குறைத்தால் பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி. இதையும் இட்டோ ஆராய்ந்தார். கடலிலிருந்து தள்ளி, வெயில் அதிகமாக இருக்கும் உட்பகுதியில் பயன்பாடு சுமார் 4 சதவீதம் குறைந்தது. கடற்கரைப் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் தள்ளுபடி மட்டும் இரண்டு பக்கமும் போனது. காரணம் எளிது. வீட்டுக்கு வீடு, வருடத்துக்கு வருடம் பயன்பாடு தானாகவே ஏறி இறங்கும். பெரியம்மா கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இருபது நாள் தங்கிவிட்டு வந்தால் யூனிட் குறையும். அவர் எதையும் மிச்சப்படுத்தவில்லை, கும்பகோணத்தில் செலவழித்தார். பரிசு கொடுக்க வேண்டுமென்றால் 'இல்லாவிட்டால் எவ்வளவு ஓடியிருக்கும்' என்று தெரிய வேண்டும். அது எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை.

அப்புறம், சுவிட்ச் ஒருவர் கையில், பில் இன்னொருவர் கையில் என்ற சிக்கல். சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாடி போர்ஷனுக்குத் தனி சப்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். வாடகைக்கு இருப்பவருக்கு இலவச நூறும் கிடையாது, ஸ்லாபும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் பிடிக்க அவருக்கு ஆசை இருக்கும். ஆனால் தலைக்கு மேல் சுற்றும் பழைய ஃபேன் வீட்டுக்காரருடையது. அவர் மாற்ற மாட்டார், பில் அவருக்கில்லை. இவரும் மாற்ற மாட்டார், பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் வீடே கேள்விக்குறி.

இதற்கு நேர் எதிர், சோழிங்கநல்லூர் பக்கம் வாடகையிலேயே கரண்டையும் சேர்த்து வாங்கும் விடுதிகள். அங்கே தங்கியிருப்பவருக்குக் கடைசி யூனிட்டின் விலை பூஜ்யம். ஏசியை 18-இல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். நானும் அப்படித் தூங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

இந்த ஸ்லாப் முறை வீட்டைப் பார்க்கிறது, தலையை எண்ணுவதில்லை என்ற குறையும் உண்டு. தாத்தா பாட்டியோடு ஏழு பேர் ஒரே மீட்டரில் வாழும் வீடு எளிதாக 500-ஐத் தாண்டும். நல்ல சம்பளத்தோடு தனியாக இருப்பவர் 190 யூனிட்டில் முடித்து மானியம் வாங்குவார். குறைவாகப் பயன்படுத்துபவர் ஏழை என்ற அனுமானம் பெரும்பாலும் சரி, எப்போதும் சரி இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று இணைப்பு வாங்கிப் பயன்பாட்டைப் பிரித்துக்கொள்பவர்கள் சுவருக்குப் பக்கத்தில் கதவு வைத்துக்கொண்டவர்கள். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, இலவச நூறு யூனிட் போய்விடுமோ என்று ஊரே பதறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் பில் குறையும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஸ்லாபை அப்படியே வைத்துக்கொண்டு மாதாமாதம் கணக்கெடுத்தால் குறையும்தான், ஏனென்றால் சலுகை இரட்டிப்பாகிறது. ஸ்லாபைச் சரிபாதியாக்கிவிட்டு எடுத்தால்? ஏப்ரலில் 150, மே மாதத்தில் 350 என்று ஓடிய வீட்டைப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500, பில் 1,725. பாதி ஸ்லாபில் ஏப்ரலுக்கு 337 ரூபாய் 50 காசு, மே மாதத்துக்கு 1,825. மொத்தம் 2,162 ரூபாய்க்கு மேல். விலை மேலே மேலே ஏறும் முறையில், ஏற்ற இறக்கம் உள்ள பயன்பாட்டைத் துண்டு போட்டால் செலவு கூடும். மாதக் கணக்கின் உண்மையான பயன் வேறு. மார்ச் மாதம் செய்த தப்புக்கு மே மாதம் பில் வந்தால் யாருக்கு உறைக்கும்? முப்பது நாளில் வந்தால் கொஞ்சமாவது நினைவிருக்கும்.

இதுவரை எத்தனை யூனிட் என்று மட்டும் பேசினோம். எப்போது என்பதும் ஒரு கேள்வி. தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த ஒரு நாளுக்காகவும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் உற்பத்தித் திறனும் தயாராக இருந்தாக வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சூரிய மின்சாரம் தாராளமாக வரும். இரவு பத்தரைக்கு எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது வராது. அப்போது எங்கிருந்தாவது அதிக விலைக்கு வாங்க வேண்டும். ஆனால் பெரியம்மாவின் மீட்டருக்கு மதியமும் இரவும் ஒன்றுதான். மொத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகும்.

2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதித்திருத்தம் இதைத்தான் தொட்டது. சூரிய நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் விலை குறைவு, உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்பது அதன் யோசனை. நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் இது நடக்காது. சென்னையில் தி.நகரில் சோதனை முறையில் அவற்றைப் பொருத்திப் பார்த்தார்கள்.

கொள்கையளவில் எனக்கு இதில் சண்டை இல்லை. ஆனால் எதைத்தான் நகர்த்த முடியும்? தண்ணீர் மோட்டாரை மதியத்துக்கு மாற்றலாம். வாஷிங் மெஷின், கிரைண்டர் மாற்றலாம், பகலில் வீட்டில் ஆள் இருந்தால். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் துணி துவைப்பது விடியற்காலை ஆறு மணிக்கு அல்லது இரவு ஒன்பதுக்குத்தான். இரவு ஏசியை மதியத்துக்கு மாற்ற முடியாது, தூக்கத்தையும் கூடவே மாற்றினால் தவிர. நகர்த்த முடிந்தவருக்குத் தள்ளுபடி, முடியாதவருக்கு அபராதம் என்று ஆகிவிடக் கூடாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்த மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்பவர் வந்து, 498 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, நேரே உள்ளே போய் ஏசியைப் போட்டார்.

"இன்னிலேர்ந்து நூறு யூனிட் ஃப்ரீதானே" என்றார்.

"இல்ல பெரிம்மா. ரெண்டு மாசம் கழிச்சு எப்படியும் நானூறைத் தாண்டப் போறோம். அப்போ இன்னிக்கு ஓடுற யூனிட்டும் கடைசி யூனிட்தான். இதுக்கும் ஆறு ரூபாதான் விலை. முதல்ல ஓடுறதாலே ஃப்ரீ ஆயிடாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். ரிமோட்டை எடுத்தார். 24-இல் இருந்ததை 26 ஆக்கினார்.

"ஆறு ரூபாதானே. முந்தாநாள் எரநூத்தி முப்பத்தி மூணுன்னியே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.